'நான் எதையுமே மாத்தலைங்க!'

செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, சத்தம் போடாமல் என் பின்னால் வாருங்கள். கோயம்புத்தூர் காந்திபுரத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடி. படியெல்லாம் தேங்காய் பன் வாசனை. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் முகத்தில் அறைகிறது குளிர். "சர்வரெல்லாம் மும்பையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்கு, இங்க எதுக்குங்க இவ்வளவு ஏ.சி.?" என்று கேட்டேன். "ரிமோட் தொலைஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுங்ண்ணா" என்றார் மங்கி கேப் போட்ட தாடிக்காரத் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

வெப்சைட் நடத்துகிறவர்களுக்கு சர்வரில் இடம் வாடகைக்குக் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பெனி ஒன்றின் நைட் ஷிப்ட் அறை இது. தெரிந்த நண்பர் ஒருவரின் தயவில் உள்ளே நுழைந்துவிட்டேன். எனக்கோ தலைகால் புரியவில்லை! ஷிப்டை நடத்துபவரை டிரெய்னிப் பையனிலிருந்து வாட்ச்மேன் பெரியவர் வரை எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கம்பெனி பேரும் கஸ்டமர் பேரும் வெளியே வரக் கூடாது. "எங்களை வேணா கிண்டல் பண்ணி எழுதுங்க, பரவால்ல."

கிண்டல் பண்ண இங்கே நிறையவே இருக்கிறது. மேசைக்கடியில் வயர்கள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. கீபோர்டு இடுக்கில் முறுக்குத் தூள். ஒரு மானிட்டருக்கு முட்டுக்கொடுத்திருப்பது யாரோ எழுதி முடித்துவிட்ட அரியர் பேப்பரின் கைடு. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதன் தலையில் சிவப்பு மையில், 'நான் எதையுமே மாத்தலைங்க!' அதற்குக் கீழே ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். போனில் வாடிக்கையாளர் யாராவது அந்த வாக்கியத்தைச் சொன்னால், போனை எடுத்தவர் கணக்கில் ஒரு கோடு. மாதக் கடைசியில் யாருக்குக் கோடு அதிகமோ அவருக்கு மற்றவர்கள் சேர்ந்து பிரியாணி வாங்கித் தர வேண்டும். "அவ்வளவு பொய் கேட்டதுக்கு ஒரு ஆறுதல் வேணும்ல" என்கிறார் அக்கா.

அந்த வாக்கியம் அதிகமாக வருவது ஒரு விஷயத்தில்தான்: சர்ட்டிபிகேட். ஒரு சைட்டைத் திறந்தவுடன் 'இது பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் பயமுறுத்துமே, அது வராமல் பார்த்துக்கொள்ளும் டிஜிட்டல் சான்றிதழ். முன்பு முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தது. குரோம் 2023-ல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. "ஆனா கஸ்டமர் இன்னைக்கும் 'பூட்டு போச்சு'ன்னுதான் போன் பண்றாங்க. சண்டை போட முடியுமா?"

சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் போலீஸ் வெரிஃபிகேஷன் வருமே, கிட்டத்தட்ட அது மாதிரி. சான்றிதழ் கொடுக்கும் நிறுவனம் உங்களுக்கு ஒரு ரகசிய வரியைக் கொடுக்கும். அதை உங்கள் சைட்டுக்குள் சொன்ன இடத்தில் ஒரு ஃபைலாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டொமைனின் முகவரிப் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் ஒரு ரெக்கார்டாகப் போட வேண்டும். அவர்களுடைய இயந்திரம் வந்து பார்க்கும். வரி இருந்தால் சான்றிதழ்; இல்லையென்றால் கிடையாது. நீங்கள் நல்லவரா, கடை நிஜமா என்ற விசாரணை எதுவும் இல்லை. இந்த டொமைன் உங்கள் கையில் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. இவ்வளவு சின்னக் கேள்விக்கு விடிய விடிய ஓர் அறை நிறைய ஆள் வேண்டியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

இங்கே புழங்குவது பெரும்பாலும் லெட்ஸ் என்கிரிப்ட். அமெரிக்காவில் ஐ.எஸ்.ஆர்.ஜி. என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது, மொசில்லா, இ.எஃப்.எஃப்., மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கூடி ஆரம்பித்தது. முதல் சான்றிதழைக் கொடுத்தது 2015 செப்டம்பரில். 2020 பிப்ரவரியிலேயே நூறு கோடியைத் தொட்டுவிட்டார்கள். எல்லாம் இலவசம், எல்லாம் இயந்திரத்துக்கு இயந்திரம் பேசி முடிப்பது. "அதுக்கு முன்னாடி காசு கட்டி, ஃபார்ம் நிரப்பி, மெயிலுக்குக் காத்துக் கிடப்போம்" என்கிறார் அக்கா, ஏதோ ரேஷன் கடை வரிசைக் காலத்தைச் சொல்வதுபோல.

"முதல்ல ஒழுங்கா நடக்கறதைப் பாருங்க, அப்புறம் கூத்தைக் காட்டறேன்" என்று தாடித் தம்பி நாற்காலியை என் பக்கம் தள்ளினார். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை. என்டர். இன்னொரு ஜன்னலில் சர்வரின் லாக் ஓடிக்கொண்டிருந்தது. சடசடவென்று நாலைந்து வரிகள்! உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து, கிட்டத்தட்ட ஒரே நொடியில், எல்லோரும் அதே ஃபைலைக் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூச்சு விடுவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. நான் கை தட்டினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர்களுக்கு இது கரண்ட் வருவது மாதிரி, வராவிட்டால்தான் பேச்சு.

பத்து மணிக்கு மேல்தான் போன் சூடு பிடிக்கிறது. கடையடைத்து, கல்லா எண்ணி, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் முதலாளிகளுக்கு வெப்சைட் ஞாபகம் வருமாம். முதல் போன் ஈரோட்டுப் பக்கத்து ஜவுளிக்கடைக்காரரிடமிருந்து. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, நம்ம சைட்டைத் தொறந்தா செவப்புக் கலர்ல என்னமோ வருதுங்க. கஸ்டமரெல்லாம் பயப்படறாங்க."

"கடைசியா சைட்டுல என்ன மாத்துனீங்கண்ணா?"

"நான் எதையுமே மாத்தலைங்க!"

அறையே பலகை பக்கம் திரும்பியது. டிரெய்னிப் பையன் எழுந்து போய் பக்தியோடு ஒரு கோடு போட்டுவிட்டு வந்தான்.

அக்கா தட்டிப் பார்க்கிறார். டொமைன் சரியான சர்வரைத்தான் காட்டுகிறது. ரகசிய வரி இருக்க வேண்டிய ஃபைல் இருக்கிறது. அவர் பிரவுசரில் திறந்தால் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் லெட்ஸ் என்கிரிப்டிடமிருந்து வந்த பதிலோ 404, அப்படி ஒரு ஃபைலே இல்லை. "எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியுது, அவங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையாம்." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தார். பிறகு போனில் குனிந்து, "அண்ணா, உங்க போன்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, மொபைல் டேட்டாவுல சைட்டைத் திறங்க. எச்சரிக்கை வந்தா மீறி உள்ள போங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

நீண்ட மௌனம். பின்னணியில் டி.வி. சீரியல் அழுகை. அப்புறம் ஒரு கத்தல்: "ஏனுங்க! இது போன வருசத்துத் தீவாளி ஆஃபருங்க!"

அறை குலுங்கிச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை, பிடித்துவிட்டார். இணையத்தில் முகவரிகள் இரண்டு வகை, பழைய ஐ.பி.வி4, புதிய ஐ.பி.வி6. ஒரு டொமைனுக்கு இரண்டும் எழுதி வைக்கலாம். கடையை ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இங்கே மாற்றியபோது யாரோ முதல் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, 'குவாட் ஏ' என்று இவர்கள் சொல்லும் இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டார்கள். கடைக்காரர் வீட்டு பிராட்பேண்ட் பழைய வகையில் போய்ப் புதுக் கடையைக் காட்டியது. மொபைல் டேட்டா புதிய வகையில் போய் பழைய சர்வரில் நின்றது, அங்கே இன்னும் தீபாவளி. லெட்ஸ் என்கிரிப்டும் அப்படித்தான்: ஐ.பி.வி6 முகவரி இருந்தால் முதலில் அங்கேதான் போகும். அங்கே இணைப்பே கிடைக்காவிட்டால் பழைய வகையில் ஒரு முறை முயன்று பார்க்கும். ஆனால் அங்கே ஒரு சர்வர் உயிரோடு இருந்து, 'அப்படி ஃபைல் இல்லை' என்று பதிலும் சொல்லிவிட்டால், அதுவே தீர்ப்பு.

ஒரு வரியை அழித்தார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி என்டர். சான்றிதழ் வந்தது.

"இதை யாருங்ண்ணா மாத்துனது?"

"மாத்தலைங்க... நம்ம பையன்தான் போன வருசம் வேற கம்பெனியில இருந்து இங்க கொண்டுவந்தான்."

"அதுக்குப் பேருதாங்ண்ணா மாத்தறது" என்று சொல்லிப் போனை வைத்தார் அக்கா. இவ்வளவு நேரம் அவர் பேசியது அத்தனை பணிவோடு. வைத்த பிறகு வந்த வார்த்தையை நான் எழுதப் போவதில்லை.

அடுத்தது சென்னையிலிருந்து ஒரு இளைஞர், ஒரு ஜிம்முக்கு சைட் செய்துகொடுப்பவர். "ப்ரோ, நீங்க குடுத்ததை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணேன் ப்ரோ. ஒரு எழுத்து மாத்தல." தாடித் தம்பி ஆவலோடு பலகையைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார், இது கணக்கில் சேராது. உண்மையிலேயே மாற்றவில்லை. அதுதான் தப்பு. டி.என்.எஸ். ரெக்கார்டுக்கு அவர் முழுப் பெயரையும் ஒட்டினார். அந்தப் பேனலோ, யாரும் கேட்காமலே பின்னால் டொமைன் பெயரைச் சேர்த்துவிடும் ரகம். கடைசியில் டொமைன் பெயர் இரண்டு முறை அடுத்தடுத்து வந்து, ரெக்கார்டு யாரும் தேடாத ஓர் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. மணிக்கணக்கில் இவர் 'டி.என்.எஸ். பரவட்டும்' என்று காத்திருந்திருக்கிறார். அது ஏற்கெனவே அழகாகப் பரவிவிட்டது, தப்பான பெயரில்.

"இதுக்கே சிரிச்சா எப்படி? பெரிய கம்பெனியே ஒரு கோட்டுல கவுந்துருக்கு" என்றார் அக்கா. டிஜிசெர்ட், இந்தத் தொழிலின் ஜாம்பவான்களில் ஒன்று. டி.என்.எஸ்.ஸில் வைக்கச் சொல்லும் ரகசியப் பெயருக்கு முன்னால் ஓர் அண்டர்ஸ்கோர் போட வேண்டும் என்பது விதி. சைட்டுகளின் நிஜப் பெயர்களோடு தற்செயலாகக்கூட மோதிவிடாமல் இருக்க அந்தச் சின்னக் கோடு. 2019 ஆகஸ்டிலிருந்து அவர்களுடைய ஒரு வழித்தடத்தில் மட்டும் அந்தக் கோடு விழவே இல்லை. 2024 ஜூலையில்தான் கண்டுபிடித்தார்கள். இந்த வகைத் தவறுக்கு விதிப்படி 24 மணி நேரம்தான் கெடு. 83,267 சான்றிதழ்களை ரத்து செய்தாக வேண்டும்! பதறிப்போன வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று கோர்ட்டுக்கே போய் இடைக்காலத் தடை வாங்கியது. ஐந்து வருடமாக யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத ஒரு கோடு. டிரெய்னிப் பையன் தன் கீபோர்டில் அந்தக் கீயைத் தேடி ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

இந்த இடைவெளியில் ஒரு அருமையான காட்சி. கீழே பேக்கரிக்காரர் ஷட்டரை இறக்கப் போகிறார். ஜன்னலைத் திறந்து, கயிறு கட்டிய பிளாஸ்டிக் வாளியைத் தாடித் தம்பி கீழே விடுகிறார். உள்ளே ஃபிளாஸ்க்கும் காசும். "அஞ்சு டீ, நாலு வெஜ் பப்ஸ்ங்ண்ணா, ஒண்ணு முட்டை!" வாளி ஆடி ஆடி மேலே வருகிறது. முதல் மாடி டியூஷன் சென்டரின் ஜன்னல் கம்பியில் மாட்டி, விடுபட்டு, எப்படியோ ஒரு பப்ஸ் குறைந்து வந்து சேருகிறது. யாருடையது குறைந்தது என்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை.

டீயோடு பழைய கதைகள். வேலை தெரிந்தவர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இப்படித்தான், சொந்தக் கதை தீர்ந்தால் உலகக் கதை. எனக்குப் பிடித்தது ஃபின்லாந்துக் கதை. டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க இன்னொரு வழி மெயில். அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், வெப்மாஸ்டர், ஹோஸ்ட்மாஸ்டர், போஸ்ட்மாஸ்டர், இந்த ஐந்து பெயர்களில் ஒன்றுக்கு மெயில் அனுப்புவார்கள். அதைத் திறந்து சரி என்றால் போதும். மைக்ரோசாஃப்ட் ஃபின்லாந்தில் தன்னுடைய லைவ் டொமைனில் பொதுமக்களுக்கு இலவச மெயில் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஃபின்லாந்துக்காரர் சும்மா 'ஹோஸ்ட்மாஸ்டர்' என்ற பெயர் காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது! எடுத்துக்கொண்டார். அதை வைத்து மைக்ரோசாஃப்டின் அந்த டொமைனுக்கே சான்றிதழ் வாங்கிவிட்டார். 2015 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் உலகுக்கே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. "பேர் காலியா இருக்கான்னு நாங்களும் அன்னைக்கே எங்க மெயில்ல பாத்தோம்" என்று வாட்ச்மேன் பெரியவரே சொல்கிறார். இந்த அறையில் அவருக்கும் எல்லாம் தெரியும்.

அக்காவுக்கு மறக்காதது 2020 பிப்ரவரி 29. இன்ன நிறுவனம் மட்டும்தான் என் டொமைனுக்குச் சான்றிதழ் தரலாம் என்று உரிமையாளர் டி.என்.எஸ்.ஸில் எழுதி வைக்கலாம், சி.ஏ.ஏ. ரெக்கார்டு என்று பெயர். 2017 செப்டம்பரிலிருந்து அதைப் பார்க்காமல் யாரும் சான்றிதழ் தரக் கூடாது. லெட்ஸ் என்கிரிப்டின் மென்பொருளில் ஒரு பிழை: ஒரே சான்றிதழில் பத்துப் பெயர் இருந்தால், சில சமயம் பத்தையும் மறுபடி பார்ப்பதற்குப் பதில் ஒரே பெயரைப் பத்து முறை பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போய்விட்டது. 30,48,289 சான்றிதழ்கள் சந்தேகத்துக்கு ஆளாயின. மார்ச் 4-க்குள் மாற்றச் சொல்லி உலகமெல்லாம் அவசர மெயில். "அந்த ராத்திரி நாங்க அஞ்சு பேரும் எந்திரிக்கவே இல்ல. ஒருத்தன் கல்யாண நிச்சயத்தை விட்டுட்டு வந்தான்." பாதிக்கு மேல் மாற்றப்பட்டன; மிச்சத்தை ஒரேயடியாக ரத்து செய்தால் எக்கச்சக்கமான சைட்டுகள் முடங்கும் என்று அவர்களே கை வைக்காமல் விட்டார்கள். நிச்சயத்தை விட்டுவிட்டு வந்தவர் இன்னும் அதைத்தான் சொல்லிப் புலம்புகிறாராம்.

டீ கிளாஸ் கீழே வைப்பதற்குள் ஒரு கண்டிப்பான குரல். ஒரு மருத்துவமனையின் ஐ.டி. மேனேஜர். இவர் 'மேடம்' என்று கூப்பிடும்போதே அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எங்க பக்கம் எந்தத் தப்பும் இல்ல மேடம். நான் இங்கேருந்து பாக்கிறேன், சைட் ஓப்பன் ஆகுது."

"சார், ஃபயர்வால்ல நாடு பார்த்து ஏதாவது பிளாக் பண்ணியிருக்கீங்களா?"

"ஃபுல்லா. இந்தியாவைத் தவிர எவனும் உள்ள வர முடியாது. நம்ம பேஷண்ட் எல்லாம் இங்கதானே இருக்காங்க?" பெருமை பொங்கியது.

"சர்ட்டிபிகேட் குடுக்கறவங்க வெளிநாட்டுலேருந்துதான் சார் வந்து பாப்பாங்க."

"அப்ப அவங்க ஐ.பி. லிஸ்ட் அனுப்புங்க, அலவ் பண்றேன்."

"லிஸ்ட் குடுக்க மாட்டாங்க சார்."

"ஏன் குடுக்க மாட்டாங்க?"

இங்கேதான் அக்கா ஒரு பெருமூச்சு விட்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டு, பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். இணையத்தில் தகவல் போகும் பாதையையே கடத்தல்காரர்கள் கொஞ்ச நேரம் தங்கள் பக்கம் திருப்பிவிட முடியும். சோதனை ஒரே இடத்திலிருந்து நடந்தால், அந்த ஒரு பாதையைத் திருப்பினாலே அடுத்தவர் டொமைனுக்குச் சான்றிதழ் வாங்கிவிடலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். அதனால்தான் லெட்ஸ் என்கிரிப்ட் 2020 பிப்ரவரியிலிருந்து பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் எட்டிப் பார்க்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து எல்லா நிறுவனங்களுக்கும் அது கட்டாயம். எங்கிருந்து வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், ஏமாற்ற நினைப்பவனுக்கும் வேலை சுலபம். நான் முதலில் பார்த்த அந்த நாலைந்து வரிகளின் ரகசியம் இதுதான்! மேசையைத் தட்டிவிட்டேன். அக்கா வாயில் விரலை வைத்தார்.

மேனேஜர் ஃபயர்வாலைத் திறக்கச் சம்மதிக்கவே இல்லை. நியாயம்தான், அவருக்கு மேலே ஓர் ஆடிட்டர் இருக்கிறார். அக்கா பின்வழியாக வந்தார்: "சரி சார், சைட் பக்கமே வரவேண்டாம். டி.என்.எஸ்.ஸில ஒரு ரெக்கார்டு போட்டு நிரூபிச்சுக்கலாம். உங்க ஃபயர்வாலை யாரும் தொட மாட்டாங்க." மறுமுனையில் குரல் இளகியது. ஒரு வரி, ஒரு என்டர், வேலை முடிந்தது. போகும்போது "நல்லாப் பண்றீங்க மேடம்" என்று வேறு சொன்னார். இந்த அறையில் பாராட்டு அபூர்வம் போல. தாடித் தம்பி உடனே அதை ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டார்.

ஒட்டுத்தாள் என்றவுடன் டிரெய்னிப் பையனின் மானிட்டரைக் காட்ட வேண்டும். அதில் பெரிய எழுத்தில் 'முதல்ல ஸ்டேஜிங்!' என்று ஒன்று. ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து முறை சோதனையில் தோற்றால் லெட்ஸ் என்கிரிப்ட் கதவைச் சாத்திவிடும். பொறுத்துத்தான் வர வேண்டும். அதனால் தப்பு செய்து பார்க்க ஸ்டேஜிங் என்று தனியாக ஒரு களம் வைத்திருக்கிறார்கள். அங்கே விழுந்து எழலாம். பையன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கஸ்டமர் போனில் திட்டிக்கொண்டிருந்த பதற்றத்தில் நிஜக் களத்திலேயே என்டரை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். கதவு சாத்தியாயிற்று. மிச்ச நேரம் முழுக்க அந்தக் கஸ்டமரைப் பேச்சுக் கொடுத்தே சமாளித்தது அக்கா. "அவரு பொண்ணுக்கு எந்த காலேஜ்ல சீட் கிடைச்சுதுன்னு வரைக்கும் எனக்குத் தெரியும்."

நள்ளிரவு தாண்டியதும் ஒரு தங்கமான அழைப்பு. முழுக்கத் தமிழிலேயே பெயர் வைத்து, 'இந்தியா' என்று முடியும் டொமைன் வாங்கியிருக்கிறார் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பிரவுசரில் அழகாகத் தமிழ். ஆனால் டி.என்.எஸ்.ஸுக்குத் தமிழ் எழுத்து புரியாது. உள்ளே எக்ஸ், என், இரண்டு சிறு கோடு என்று ஆரம்பிக்கும் ஒரு புரியாத சரமாக மாறிவிடும். அதை ஐயா கையால் எழுதி வைத்து, எங்கோ ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருக்கிறார். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று பதில் வருகிறது. இனி போனில் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

"சி, சென்னை சி-ங்களா ஐயா?"

"இல்லம்மா, கே. கும்பகோணம்."

"அடுத்தது டி, திண்டுக்கல்?"

"டி-க்கு ரெண்டு ஊர் இருக்கேம்மா. தூத்துக்குடியும் அந்த எழுத்துலதானே ஆரம்பிக்குது?"

தமிழ்நாட்டு வரைபடம் முழுக்க ஒரு சுற்று வந்தார்கள். நாமக்கல்லில் தப்பு பிடிபட்டது, ஓர் 'என்' 'எம்' ஆகியிருந்தது. ஐயா அத்தனை சந்தோஷமாகிவிட்டார். விடாமல் நன்றி சொன்னார், ஒரு வெண்பாவும் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினால் அதையும் மானிட்டரில் ஒட்டுவார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு ஒன்று தோன்றியது. பக்கத்திலிருந்து பார்த்தவரை எந்த இயந்திரமும் தப்பு செய்யவில்லை. யாரோ எப்போதோ செய்துவிட்டு மறந்துபோன ஒரு வேலை, அதுதான் ஒவ்வொரு முறையும். அதைப் போனின் மறுமுனையிலிருந்து, மனம் நோகாமல், வெளியே வரவழைப்பதுதான் இவர்களுடைய தொழில். கறுப்புத் திரையெல்லாம் சும்மா.

அக்காவிடம் சொன்னேன். "இனிமேதான் இருக்கு" என்றார். இப்போது லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்குப் பொதுவான ஆயுள் 90 நாள். வழக்கமாக அறுபதாவது நாளிலிருந்தே சர்வர் தானாகப் புதுப்பிக்க முயலும். தோற்றாலும் மௌனமாகத் தோற்றுக்கொண்டே இருக்கும். முன்பு எச்சரிக்கை மெயிலாவது வரும். 2025 ஜூனோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கும் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது: 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், அதற்கடுத்த வருடம் 100, 2029 மார்ச்சில் 47. டொமைன் உங்களுடையதுதான் என்று ஒரு முறை நிரூபித்தது அப்போது 10 நாள்தான் செல்லும். "பலகை பத்தாது, சுவத்துக்கே பெயின்ட் அடிச்சுடலாம்" என்றார் தாடித் தம்பி.

மூன்றரை மணி. இந்த நேரத்தில் யார்? திருப்பூர் பக்கத்தில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். விடிந்தால் முகூர்த்தம், பின்னால் அண்டா உருளும் சத்தம், யாரோ நாதஸ்வரத்துக்குச் சீவாளி பார்க்கிறார்கள். "பொண்ணு வீட்டுக்காரங்க லைவ் போடணுங்கறாங்க. சைட்டுல வேற ஏதோ விளம்பரமெல்லாம் வருது. நான் எதையுமே..."

"மாத்தலை, தெரியுதுங்க" என்று அறையே கோரஸாகச் சொன்னது.

அக்கா பார்த்தார். சான்றிதழ்ச் சோதனை தோற்றது ஒரு பக்கம் இருக்கட்டும், டொமைனே காலாவதி. பதிவு செய்த இடத்தில் அதை ஒரு பார்க்கிங் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஃபைலைத் தேடி வந்த இயந்திரத்துக்குக் கிடைத்தது விளம்பரம். யார் பெயரில் பதிவு? மண்டபக்காரருடைய அக்கா மகன் பெயரில். அவர் எங்கே? துபாயில். மெயில், பாஸ்வேர்டு எல்லாம் அவரிடம். கான்பரன்ஸ் காலில் போட்டார்கள். துபாயில் அப்போது ராத்திரி இரண்டு மணி.

"மாப்ள, டொமைனு போச்சாமா!"

"ரீநியூ பண்ணச் சொல்லி எனக்கு மெயில் வந்துட்டேதான் இருந்துச்சு மாமா."

"சொல்ல வேண்டியதுதானடா?"

"என் கல்யாணத்துக்கு வந்தீங்களா?"

அக்கா சட்டென்று இந்தப் பக்கத்து மைக்கை அணைத்தார். டிரெய்னிப் பையன் சால்வையைக் கடித்துக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டான். பந்தியில் யாருக்கு முதல் இலை போடவில்லை என்பதிலிருந்து, மோதிரம் எத்தனை கிராம் என்பது வரை எல்லாம் பேசித் தீர்ந்தது. கடைசியில் மாப்பிள்ளையே, "சரி மாமா, கார்டு நம்பரைச் சொல்லுங்க, இப்பவே கட்டிடறேன்" என்று இறங்கிவந்தார். மாமா நம்பர் சொன்னார். அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"இப்ப உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும் மாமா. அதைச் சொல்லுங்க."

"வந்திருக்கு" என்றார் மாமா. "ஆனா யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்களே மாப்ள."